ஒரு 'எஸ்' படுத்தும் பாடு

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பாட்டியிடம் போய் "அவன் நேத்து வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். மேலும் கீழும் பார்ப்பார். எழுவாய், பயனிலை என்றெல்லாம் அவர் கேள்விப்பட்டதே கிடையாது. ஆனால் 'அவன்' என்று ஆரம்பித்தால் 'ஆன்' என்றுதான் முடியணும் என்பது அவருக்கு அத்துப்படி. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது... ஆள் மாறினால் வால் மாறும்.

இப்படி ஒரு மொழியைப் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் போனதும் ஒரே ஒரு எழுத்திடம் தோற்றுப்போகிறார்கள். அங்கே ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ. எல்லாம் கோ. ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் கோஸ். அவ்வளவுதான் சட்டம். ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஐந்தே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பி.இ. முடித்து, எம்.இ. முடித்து, வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆனவர் வாயிலிருந்தும் "ஹி ஒர்க் இன் பெங்களூர்" என்று வந்து விழும். கேட்டால் சட்டம் தெரியும் என்பார். உண்மையிலேயே தெரியும்!

அப்புறம் ஏன் வருவதில்லை?

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பொறியியல் படிக்க வந்த ஒரு பெண்ணின் கதை இது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அவளிடம் இலக்கணப் பயிற்சி நோட்டு ஒன்று உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்புக: "ஹி டேஷ் டு ஸ்கூல்", அடைப்புக்குறிக்குள் கோ, கோஸ். பக்கம் பக்கமாக சிவப்பு மையில் டிக். ஒரு தப்பு கிடையாது.

மூன்றாம் வருஷம், வளாகத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு மாதிரி இன்டர்வியூ வைத்தார்கள். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும். சுய அறிமுகத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், அது ஓடிவிட்டது. "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்று முடித்ததும், கேள்வி கேட்டவர் அவள் அப்பாவின் ஒரு நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். அவள் ஆரம்பித்தாள்: "ஹி கோ டு தி ஃபீல்ட்..."

"கோ?" என்றார் அவர்.

அவளுக்கு எது தப்பு என்று பிடிபடவில்லை. மறுபடி "ஹி கோ" என்றாள். "கோ?" மறுபடியும். மூன்றாவது தடவை "ஹி கோயிங்" என்றாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. லேப் வைவாவில் விடை தெரிந்தும் "எஸ் சார்", "நோ சார்" இரண்டே பதில். மார்க் போனது. ஒரு 'எஸ்' விட்டதற்கு இவ்வளவு விலை! பேசாமலே இருந்தால் தப்பே வராது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் போனவர்களுக்கு வேலையும் வராது.

ஹாஸ்டலில் கடைசி வருஷத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் தமிழ் மீடியம்தான், இதே சேற்றில் விழுந்து எழுந்தவள். நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு மூடி வைத்தாள்.

"இதையெல்லாம் தூக்கிப் போடுடி. உங்கம்மா காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணுவாங்க, அதை இங்கிலீஷ்ல சொல்லு."

"அம்மாவைப் போயி ஷின்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்குக்கா."

இந்த ஒரு வாக்கியத்தில் பாதி விஷயம் இருக்கிறது. பேச்சுத் தமிழில் அம்மா வர்றாங்க. பக்கத்து வீட்டு ஆட்கள் பத்துப் பேரும் வர்றாங்க. மரியாதைக்குரிய ஒருவருக்கும், ஒரு கூட்டத்துக்கும் 'அவங்க' ஒன்றேதான், வாலும் ஒன்றேதான். வீட்டில் பெரியவர்களை ஒருமையில் பேசாத பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் வாத்தியாரும் மனதுக்குள் பன்மையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பன்மைக்கு ஏது 'எஸ்'? ஆங்கிலத்தில் அப்பாவுக்கும் ஹிதான், அப்பாவின் எருமைக் கிடாவுக்கும் வேண்டுமானால் ஹிதான்.

(கொசுறு: ஆங்கிலத்திலும் இந்த மரியாதை ஒரு காலத்தில் இருந்தது. ஒருவரை 'தௌ' என்றும் பலரை 'யூ' என்றும் சொன்னார்கள். மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்க ஆரம்பித்து, கடைசியில் பொதுப் பேச்சில் 'நீ' செத்துப்போய் 'நீங்கள்' மட்டும் மிஞ்சியது. ஒரே ஒருவரிடம் பேசினாலும் "யூ ஆர்" என்று பன்மை வினை வருவது அதனால்தான்.)

சரி, அம்மா கதைக்கு வருவோம். அவள் சொல்லச் சொல்ல அக்கா ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். "மை மதர் வில் வேக் அப் அட் ஃபைவ். ஷி வில் மேக் டீ. ஷி இஸ் குக்கிங்..." ஐந்து நிமிடத்தில் முப்பது வினைச்சொல்லுக்கு மேல் வந்தது. அதில் வெறும் வினையாக வந்தவை ஏழோ எட்டோ. மற்றதெல்லாம் 'வில்', இல்லாவிட்டால் 'இஸ்' போட்டு 'இங்'.

"நீ எஸ் போட மறக்கலடி. எஸ் வர்ற இடத்துக்கே போக மாட்டேங்கிற" என்றாள் அக்கா.

ஏன் என்று யோசித்தால் காரணம் தமிழிலேயே இருக்கிறது. தினமும் நடக்கும் காரியத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "அம்மா அஞ்சு மணிக்கு எழுந்திருப்பாங்க, டீ போடுவாங்க." வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். இப்போது நடப்பதைச் சொன்னால் "டீ போடுறாங்க." முதலாவதை அப்படியே தூக்கிப்போட்டால் 'வில் மேக்'. இரண்டாவதைப் போட்டால் 'இஸ் மேக்கிங்'. 'மேக்ஸ்' என்பதற்கென்று தமிழில் தனியாக ஒரு அறை கிடையாது. இல்லாத அறைக்குள் ஆளைக் குடிவைப்பது லேசுப்பட்ட காரியமா?

இன்னொன்று. அவள் தப்பு விட்ட வினைகளை மட்டும் அக்கா வட்டம் போட்டுக் காட்டினாள். "ஷி லைக்", "ஷி நோ", "ஷி வான்ட்", "ஷி ஹேவ்". இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பிடிக்கும், தெரியும், வேண்டும், இருக்கிறது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆள் மாறினால் வால் மாறும் என்று முதலில் சொன்னது இங்கே செல்லாது! யாருக்கு என்பதைப் பொறுத்து இந்த வினைகள் அசையவே அசையாது. ஆங்கிலத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குகிற நோ, லைக், வான்ட், ஹேவ் நான்குக்கும் இணையான தமிழ் வினைகள் ஆளைப் பார்க்காதவை. எஸ் அதிகம் விழுவது இங்கேதான் என்றால் ஆச்சரியம் என்ன?

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' சமாச்சாரத்தையும் இதோடு சேர்க்கலாம். தமிழில் "என் நண்பர்களில் ஒருவன் சென்னையில் இருக்கிறான்." நண்பர்கள் முன்னால் வந்து, முக்கியமான 'ஒருவன்' பின்னால் வந்து வினைக்குக் கிட்டே உட்காருகிறான். ஆங்கிலத்தில் தலைகீழ். 'ஒன்' எங்கேயோ முன்னால் நிற்க, வினைக்குப் பக்கத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' வந்து ஒட்டிக்கொள்கிறது. காது பக்கத்தில் இருப்பதைத்தான் கேட்கும். உடனே 'ஆர்' என்று வாய் போய்விடும். இதில் தமிழர்கள் மட்டும் மாட்டுவதில்லை. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் வெளியிட்ட சோதனையில், ஆங்கிலமே தாய்மொழியானவர்களிடம் "அலமாரிகளின் சாவி" என்பது போன்ற பாதி வாக்கியங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். ஒருமைச் சாவிக்குப் பின்னால் பன்மை அலமாரிகள் வந்தபோது அவர்களும் தடுக்கி விழுந்தார்கள்.

தாய்மொழிக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருவது ராஜர் பிரவுன். 1973-ல் வந்த அவருடைய 'எ ஃபர்ஸ்ட் லாங்வேஜ்' புத்தகத்தில் ஆடம், ஈவ், சாரா என்று மூன்று அமெரிக்கக் குழந்தைகள் வருகிறார்கள். ஆங்கிலத்தின் 14 சின்னச் சின்ன உறுப்புகளை அந்தக் குழந்தைகள் எந்த வரிசையில் பிடித்துக்கொண்டார்கள் என்று கவனித்து எழுதியிருக்கிறார். பன்மைக்கு வரும் எஸ் நான்காவது. 'அம்மாவுடைய' என்பதில் வரும் எஸ் ஆறாவது. வினையில் வரும் எஸ்? பத்தாவது! மூன்றும் ஒரே சத்தம். நாக்குக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆனாலும் வீட்டில் ஆங்கிலமே கேட்டு வளரும் குழந்தைக்கும் இது தாமதமாகத்தான் வருகிறது. அடுத்த வருஷமே டுலே, பர்ட் இருவரும் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்கும் ஸ்பானிஷ் குழந்தைகளையும் சீனக் குழந்தைகளையும் பார்த்தார்கள். ஸ்பானிஷில் தமிழ் போலவே வினைக்கு வால் உண்டு. சீனத்தில் அந்தப் பேச்சே கிடையாது. இரண்டு கூட்டத்துக்கும் இந்த எஸ் வரிசையின் கடைசிப் பக்கம்தான்.

ஏனென்றால் அது ஒரு சேதியும் சொல்வதில்லை. தமிழில் 'வந்தான்' என்று ஒற்றை வார்த்தை போதும், வந்தது ஒருவன், ஆண், கொஞ்சம் நெருக்கமானவன் அல்லது மரியாதைக்கு ஆளாகாதவன் என்று எல்லாம் தெரிந்துவிடும். அந்த வால் வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி' என்று சொல்லாமல் வாக்கியமே ஆரம்பிக்காது. ஆள் யாரென்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. பின்னால் வரும் எஸ் வெறும் விருந்தாளி. மூளை சேதிக்குக் கவனம் கொடுக்கும், விருந்தாளிக்குக் கொடுக்காது. அதுவும் பதற்றத்தில் இருக்கும்போது சுத்தமாகக் கொடுக்காது.

அந்த விருந்தாளிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வினைக்கு நிறைய வால்கள் இருந்தன. ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. தெற்கு இங்கிலாந்தில் படர்க்கை ஒருமைக்கு 'எத்' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். 1611-ல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த 'எத்'தைத்தான் பார்க்கலாம். வட இங்கிலாந்துப் பேச்சு வழக்கிலிருந்து இறங்கி வந்த எஸ் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் துரத்திவிட்டது. ஆக, இன்று கல்லூரியில் ஒரு பெண்ணை அழவைக்கும் எஸ் ஒரு காலத்தில் வடக்கத்திப் பேச்சு. இங்கிலாந்தின் கிழக்கே நார்விச் நகரத்துப் பேச்சை ஆராய்ந்து பீட்டர் ட்ரட்கில் 1974-ல் புத்தகம் எழுதினார். அங்கே சாதாரண உழைப்பாளி மக்கள் இன்னமும் "ஹி கோ" என்று பேசுவதை அதில் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரர்கள், ஆங்கிலம் பிறந்த மண், "ஹி கோ"! அதற்காக இன்டர்வியூவில் போய் "சார், நார்விச்சில் இப்படித்தான்" என்று சொன்னால் வேலை கிடைக்காது, அது வேறு விஷயம் :-)

தமிழில் இந்தக் கூத்து இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. "மாடுகள் மேய்ந்தது" என்று எழுதாத மாணவர் யார்? தமிழய்யா 'மேய்ந்தன' என்று திருத்துவார். மறுநாள் "பறவைகள் பறந்தது" என்று எழுதுவார்கள். பேச்சில் ஒரு மாடும் மேஞ்சுச்சு, பத்து மாடும் மேஞ்சுச்சு. பத்து என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டதே, வாலும் எதற்கு இன்னொரு தடவை சொல்லணும்? "ஹி கோ"வுக்கும் "மாடுகள் மேய்ந்தது"க்கும் காரணம் ஒன்றேதான். இரண்டாவதற்கு யாரும் சிரிப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

தமிழ் இலக்கணக்காரர்கள் இதில் பெரிய மனசுக்காரர்கள் என்றே சொல்லணும். பவணந்தி முனிவரின் நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுக்களைச் சொல்கிறது. பொருந்தாமல் போனால் வழு. அதோடு நிறுத்தாமல் வழுவமைதி என்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். காரணத்தோடு வரும் பிழையை ஏற்றுக்கொள்வது. பசுவைப் பார்த்து ஒருவன் ஆசையாக "என் அம்மை வந்தாள்" என்றால் அது திணை வழுதான், ஆனால் மகிழ்ச்சியில் சொன்னதால் மன்னிப்பு. பயத்தில் சொன்ன "ஹி கோ"வுக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கலாம்.

மன்னிப்பை நம்பி உட்கார முடியாது, வளாகத் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அக்கா போட்ட பயிற்சி விசித்திரமானது. கோடிட்ட இடம் கிடையாது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சினிமாக் கதை. ஆங்கிலத்தில் படக்கதையை நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள். ஹீரோ ஊருக்கு வருகிறான், வில்லனைப் பார்க்கிறான், அடிக்கிறான். கம்ஸ், சீஸ், ஹிட்ஸ். 'வில்' போட இடமில்லை, 'இஸ்' போட்டால் கதை ஓடாது. இல்லாத அறைக்குள் ஆளைக் குடிவைக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. படம் எதுவாக இருந்தாலும் ஹீரோ அவன், ஹீரோயின் அவள், மரியாதை வந்து குறுக்கே நிற்காது. கிரிக்கெட் வர்ணனையும் அப்படித்தான், பந்து வீசுபவர் ஓடி வருகிறார், மட்டையாளர் அடிக்கிறார், எல்லாவற்றுக்கும் எஸ்.

இன்னொரு சின்ன உபாயமும் சொன்னாள். எஸ்ஸுக்குப் பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் வார்த்தை வருகிற வாக்கியங்களை முதலில் வாய்விட்டுச் சொல்வது. "ஒர்க்ஸ் இன்" என்பது 'ஒர்க்ஸின்' என்று ஒட்டிக்கொள்ளும். "கெட்ஸ் அப்", 'கெட்ஸப்'. தமிழ் வார்த்தைகள் 'க்ஸ்', 'ட்ஸ்' என்று இரட்டை மெய்யில் முடிவதில்லை, அதனால் நாக்கு அங்கே நழுவும். பின்னால் ஒரு உயிர் வந்து தாங்கினால் நழுவாது. பழகிய பிறகு மற்றவை.

'டஸ்' பற்றித் தனியாக ஒரு நாள். "ஹி டஸ் நாட் கோஸ்" என்று அவள் இரண்டு எஸ் போட்டாள், பாவம், கஞ்சத்தனம் போய் தாராளம் வந்துவிட்டது. இருப்பது ஒரே ஒரு எஸ், அதை டஸ் வாங்கிக்கொண்டால் கோவுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றதும் புரிந்துகொண்டாள். போலீஸ் ஆர், நியூஸ் இஸ், டென் ருபீஸ் இஸ் போன்ற வங்கித் தேர்வு வித்தைகளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவை மனப்பாடம் செய்தால் வந்துவிடும். மனப்பாடத்தில் வராதது "ஹி கோஸ்" மட்டும்தான்.

ஒவ்வொரு கதையையும் செல்போனில் பதிவு செய்து, மறுநாள் அவளே கேட்டு எண்ண வேண்டும். யாரும் குறுக்கே "கோ?" என்று கேட்கக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பான சட்டம். முதல் படத்தில் நாற்பது வினைக்கு இருபத்தாறு எஸ் விழுந்திருந்தது. இரண்டாவது வாரம் பதினேழு. மூன்றாவது வாரம் ஒரு பேய்ப்படம், பயத்திலோ என்னவோ மறுபடி இருபத்திரண்டு! நான்காவது வாரம் பதினொன்று. அதில் ஆறு 'ஹேவ்'.

வளாகத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா கதையை மறுபடி சொல்லச் சொன்னாள் அக்கா. அவள் காலை நாலரை மணியிலிருந்து ஆரம்பித்தாள். அப்பா எழுந்திருக்கிறார், பல் விளக்குகிறார், மடையைத் திறக்கப் போகிறார். "ஹி ஹேவ் டூ புல்ஸ்" என்று வந்தது. அரை வினாடி நின்றாள், "ஹி ஹேஸ்" என்றாள், நிற்காமல் மாடுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே மேலே போனாள்.